விண்ணப்ப நேரம்

மீட்டிங் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பஞ்சாயத்து மீட்டிங், சபை மீட்டிங், வியாபாரிகள் சங்க மீட்டிங் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. பருப்பு வடை தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிடும். அதனால் லேகா போனில், “அண்ணா, வர்ற வியாழாழ்ச்ச ஒரு மீட்டிங் உண்டு, அண்ணனும் மினியக்காவும் கட்டாயம் வரணும்” என்றபோது, கடையில் தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். கேரள எல்லையில், பனச்சமூடு ஜங்ஷனில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் தைக்கிற கடை என்னுடையது. தலைக்கு மேல் அங்கே இருந்தது ஃபேன் மட்டும்தான்.

லேகா அப்படி எளிதில் விடுகிற ஆள் இல்லை. மாதம் ஒரு தடவை எங்கள் ஊர் ஹெல்த் சென்டருக்கு மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் நர்ஸும் ஒரு வேனில் வருவார்கள். அவர்களோடு வருகிற நெய்யாற்றின்கரைப் பெண் இவள். யார் மருந்தை நிறுத்தினார்கள், யார் வீட்டில் சண்டை என்று வீடு வீடாக நடந்து விசாரிக்கிற வேலை. வாரம் ஒரு செருப்பு தேய்கிறது என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

“அண்ணா, இது சும்மா மீட்டிங் அல்ல. இங்கத்த கிளினிக்கை நிறுத்திப்போட்டு எல்லாரையும் நெய்யாற்றின்கரைக்கு வரச் சொல்லலாமான்னு மேல ஆலோசனை நடக்குது. அதுக்கு முன்னே மருந்து எடுக்கியவங்களும் வீட்டுக்காரங்களும் என்ன சொல்லுதாங்கன்னு கேக்கத் திருவனந்தபுரத்திலேந்து மேடம் வாறாங்க. என்ன குறை, என்ன வேணும், எல்லாத்தையும் வாய் திறந்து சொல்லணும். வாய் மூடி இருந்தா வேன் போச்சு.”

வேன் போனால் மினியும் போய்விடுவாள்.

மினி என் மனைவி. மகள் சானு பால்குடி மறந்த வருடம் அவளுக்கு வேறு குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அந்த சானு இப்போது பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். இடையில் நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை, முழங்கால் போடாத ஜெபக்கூட்டம் இல்லை. கடைசியில் மாதம் ஒரு ஊசி என்று ஆனபிறகுதான் வீடு வீடாக இருக்கிறது. ஊசி போட்ட மாதங்களில் மரச்சீனிக் கிழங்கு அவிப்பாள், கோழிக்குத் தீனி போடுவாள், நான் வாங்கி வந்த மீனைப் பார்த்து “இதென்ன, நேத்தைய மீனா?” என்று முகத்தைச் சுளிப்பாள். அந்தச் சுளிப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

ஹெல்த் சென்டர் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நெய்யாற்றின்கரை என்றால் பஸ். மினி பஸ்ஸில் ஏறமாட்டாள். உள்ளே இருக்கிற எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பாள். ஸ்கூட்டரில் கொண்டுபோகலாமென்றால் ஊசி போட்டதும் அவளுக்குக் கண் சொருகும். ஒருமுறை பின்னால் இருந்து அப்படியே சரிந்து ரோட்டில் விழப்பார்த்தாள். சில வருடங்களுக்கு முன் ஊசி தவறிப்போனது. எனக்கு சுகமாச்சு, இனி வேண்டாம் என்று அவள் அடம்பிடித்தாள், நானும் களைத்துப்போய் விட்டுவிட்டேன். ஒரு விடியற்காலையில் கதவு திறந்து கிடந்தது. சாயங்காலம் பொழியூரில் கண்டுபிடித்தோம். கடல் தின்றுவிட்டுப்போன ரோட்டின் முனையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். வலை வீசிக்கொண்டிருந்த இரண்டு பேர் இறங்கித் தூக்கி வந்தார்கள்.

அன்றிலிருந்து நான் வாசல் கதவை ஒட்டிக் கட்டிலைப் போட்டுப் படுக்கிறேன். வெளியே போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டாக்டர் கேட்பதற்கும் நான்தான் பதில் சொல்வேன். உறக்கம் உண்டா? உண்டு. மாத்திரை விழுங்குகிறாளா? நான் பார்த்துத்தான் கொடுக்கிறேன். மினி பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். ஏதாவது கேட்டால் “எனக்கு வய்யா” என்பாள். முடியவில்லை, களைத்துவிட்டேன், சுகமில்லை, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். மீதியை நான்தானே சொல்ல வேண்டும்?

மீட்டிங்குக்கு முந்தின இரண்டு நாளும் கடையில் ரெக்சினை வெட்டிக்கொண்டே பேசிப் பழகினேன். “மேடம், ஏசி ரூமில் இருந்துகொண்டு கிளினிக்கை மாற்றுவது சுலபம். பெண்டாட்டியைக் கடலில் தேடினவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்.” நன்றாக இருந்தது. நானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்து ரசித்தேன்.

மீட்டிங்கை ஹெல்த் சென்டரில் வைத்திருந்தால் அப்படியே சொல்லியும் இருப்பேன். அன்றைக்கு அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி. நிற்க இடமில்லை. அதனால் எங்கள் சபை ஹாலைக் கேட்டு வாங்கினார்கள். காரியம் கெட்டது அங்கேதான்.

எங்கள் சபை மிஷனரிகள் காலத்துச் சபை. அந்த ஹாலில்தான் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்கும். முதலில் பாட்டு, பிறகு சாட்சி. ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, கர்த்தர் எனக்கு இந்த வாரம் செய்த நன்மைகளை நினைத்துத் துதிக்கிறேன் என்பார்கள். சாட்சியில் குறை சொல்லும் வழக்கம் இல்லை. வீட்டுக்கூரை பறந்துபோயிருந்தாலும் சுவர் நிற்கிறதே, ஸ்தோத்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். குறையெல்லாம் அதற்குப் பிறகு வருகிற விண்ணப்ப நேரத்துக்கு. அப்போது மைக் கிடையாது. அவரவர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, வேண்டியதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து “கேட்டருளும் ஆண்டவரே” என்போம். பிறந்ததிலிருந்து இப்படியே பழகிய கூட்டம். எங்களோடு அடுத்த வீட்டில் வளர்ந்த இந்துக்களுக்கும் இது தெரியும்.

மேடம் நல்ல மாதிரிதான். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. காலையிலேயே வேறு இரண்டு ஊரில் இதே மீட்டிங்கை முடித்துவிட்டு வந்திருந்தார். “எல்லாவரும் மனசு துறந்நு பறயணம்” என்று, எல்லாரும் மனம் திறந்து பேசும்படி மலையாளத்தில் சொல்லிவிட்டு மைக்கை நீட்டினார். வேனில் வருகிற எங்கள் டாக்டர் சுமியும் லேகாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் தங்கபாய் மாமி. அவருடைய மகன் அஜேஷ் பல வருடமாக மருந்து சாப்பிடுகிறவன். மாமி மைக்கைப் பிடித்தார், முக்காட்டை இழுத்துவிட்டார்.

“ஸ்தோத்திரம். எனக்க மகனுக்கு இந்த டாக்டர்மாரு மூலமா கர்த்தர் செய்த நன்மைகள் ஏராளம். ஒரு குறையும் இல்ல. ஆமென்.”

கூட்டம் “ஆமென்” என்றது. மேடம் தலையாட்டினார்.

அடுத்து ராஜையா அண்ணன். ரப்பர் வெட்டுகிறவர், அவரே நோயாளி. “என்ன இம்மட்டும் நடத்தி வந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். வேன்ல வாற நர்சம்மாவுக்கு நன்றி. குறை ஒண்ணும் இல்ல.” அதற்கடுத்து சரசம்மா, மகன் விபினோடு வந்திருந்தவர், பத்ரகாளி கோயில் பக்கத்து வீடு. எங்கள் ஆட்கள் சொன்னதையே தனக்கு ஏற்றமாதிரி திருப்பி, “பகவதிக்க கிருபையில எல்லாம் சுகமாக்கும், ஒரு குறையும் இல்ல” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தங்கபாய் மாமி போன வாரம்தான் என் கடைக்கு வந்து, இந்தக் கிளினிக் மண்ணாய்ப் போக என்று சபித்துவிட்டுப் போனார். லேகா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மைக் என் கைக்கு வந்தது.

எழுந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். ஏசி ரூம் நாக்கு நுனியில் நின்றது. சுவரில் சிலுவை, கையில் மைக், எதிரே தெரிந்த முகங்கள்.

“ஸ்தோத்திரம்” என்றேன்.

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகு என்ன செய்ய முடியும்? வண்டி அதன் தடத்தில் ஓடியது. என் மனைவிக்கு ஊசி மூலமாகக் கிடைத்த சுகத்துக்காகத் துதித்தேன். டாக்டர் சுமிக்கு நன்றி சொன்னேன். ஒரு குறையும் இல்லை என்றேன். ஆமென் சத்தம் என் காதிலேயே நாராசமாக விழுந்தது. உட்கார்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

மேடம் சந்தோஷப்பட்டார். மற்ற ஊர்களில் எல்லாரும் கத்தித் தீர்த்துவிட்டார்களாம். இவ்வளவு திருப்தியான ஆட்களை இங்கேதான் பார்க்கிறாராம். எல்லாருக்கும் இவ்வளவு சுகம் இருக்கிறதென்றால் நெய்யாற்றின்கரைக்கு வந்து போவதிலும் பெரிய சிரமம் இருக்காது, இல்லையா என்று கேட்டார். சாட்சி சொல்லி முடித்த பிறகு அதை மறுத்துப் பேச எங்களுக்குத் தெரியாது. பொழியூர்க் கடல் என் கண்முன் வந்து நின்றது.

“மினியக்கா ஒண்ணும் சொல்லலியே” என்றாள் லேகா.

“அவளுக்குப் பேச வய்யா, நான் சொல்லியாச்சு” என்றேன். ஆனால் மினி எழுந்துவிட்டாள். லேகா நீட்டிய மைக்கை வாங்கவில்லை. மேடத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“சாட்சி முடிஞ்சுதா? விண்ணப்பம் எப்பம்?”

மேடத்துக்குப் புரியவில்லை. டாக்டர் சுமிக்கும் புரியவில்லை. லேகாதான் முதலில் விழித்துக்கொண்டாள். குனிந்து மேடத்தின் காதில் வேகமாக மலையாளத்தில் என்னென்னவோ சொன்னாள். இவ்வளவு நேரம் கேட்டதெல்லாம் நன்றி மட்டும்தான், வேண்டியதை இவர்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று சொன்னது என் காதில் விழுந்தது. மேடம் நோட்டில் புதிய பக்கத்தைப் புரட்டினார். பிறகு களைத்த குரலில், “என்னால் விண்ணப்பம் ஆயிக்கோட்டே” என்றார். அப்படியானால் விண்ணப்பம் ஆகட்டும் என்று அர்த்தம்.

கண்கள் தானாக மூடின. முதல் குரல் தங்கபாய் மாமியுடையது.

“ஆண்டவரே, ஒவ்வொரு மாசமும் மாத்திரைக்க நெறத்த மாத்தியாங்க. வெள்ளைய மஞ்ச ஆக்கியாங்க. நான் வெஷம் தாறேன்னு சொல்லி எனக்க மகன் எனக்க மூஞ்சில துப்புதான். மாத்திரை ஒரே நெறமா கிடைக்கணும், இல்லேன்னா மாறுத விவரத்த டாக்டரே அவன்ட்ட சொல்லணும்.”

“கேட்டருளும் ஆண்டவரே.”

“மருந்து குடுக்குத ஜன்னல் பஸ் ஸ்டாப்பப் பாத்து இருக்கு” என்றது விபினின் குரல். அவன் பேசி நான் கேட்டதே இல்லை. “எனக்கு வரன் பாத்தவங்க பஸ்ஸுல இருந்தாங்க. அந்த ஜன்னல உள்ளாற மாத்தணும்.”

“கேட்டருளும் ஆண்டவரே.” சரசம்மாவின் குரல்தான் அதில் எல்லாவற்றையும்விட ஓங்கி ஒலித்தது.

ராஜையா அண்ணன், ரப்பர் வெட்டிப் பாலெடுத்துவிட்டு வருவதற்குள் டோக்கன் தீர்ந்துபோகிறது, மத்தியானத்துக்கும் கொஞ்சம் வைக்கட்டும் என்றார். யாரோ, நெய்யாற்றின்கரைக்குப் போக எங்களால் ஆகாது, வேன் இங்கேயே வரட்டும் என்று அழுதார்கள். அதற்குக் கேட்டருளும் சொன்ன சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அரைக்கண் திறந்து பார்த்தேன். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். டாக்டர் சுமி கண்ணை மூடியிருந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேன் தப்பித்தது, மினி தப்பித்தாள் என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் அவளுடைய குரல் கேட்டது.

“ஆண்டவரே, டாக்டர்ட்ட நான் பேசும்போ எனக்க வீட்டுக்காரரு உள்ள வரண்டாம்.”

“கேட்டருளும் ஆண்டவரே” என்றது கூட்டம். என் வாயும் பழக்கத்தில் கூடவே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது மரச்சீனித் தோட்டம் தாண்டியதும் தாங்கவில்லை.

“நான் உனக்கு என்ன குறை வச்சேன், மினி? ஊரு முன்ன வச்சு சொல்லணுமா?”

“குறை ஒண்ணும் இல்ல” என்றாள்.

“பின்ன எதுக்கு?”

“எனக்கு வய்யா” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அந்த மாதம் முழுவதும் நான் தைத்த சீட்டெல்லாம் கோணல். ஒரு ஆட்டோக்காரன், “அண்ணே, இதுல பாசஞ்சர் இருப்பானா, சறுக்கி விளையாடுவானா?” என்று கேட்டான். கோபத்தில் திரும்பக் கொண்டுபோகச் சொன்னேன். மினி என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறாள் என்று மனசு கிடந்து அரித்தது. மாத்திரை விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். அதைச் சொல்வாளா? கதவில் கட்டிலைப் போட்டு அடைத்திருப்பதைச் சொல்வாளா? சொல்லட்டும். இத்தனை வருடம் சுமந்ததற்குக் கிடைத்த கூலி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படியெல்லாம் நினைத்து நினைத்து ரொம்பவே நொந்துபோனேன்.

வேன் வந்தது. இப்போதைக்கு நிறுத்துவதில்லை, அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம் என்று மேலே முடிவாகியிருந்தது. அவ்வளவுதான். மருந்து ஜன்னல் அதே இடத்தில் இருந்தது. ஒரு பழைய பச்சைத் திரையை மட்டும் குறுக்கே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விபின் அதன் பின்னால் நின்றான். அவன் கால்கள் மட்டும் பஸ் ஸ்டாப்பிலிருந்து தெரிந்திருக்கும்.

“மினியக்கா மாத்திரம் வாங்க” என்றாள் லேகா. என்னைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தாள். கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் மினியின் பை, தண்ணீர் பாட்டில், குடை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மினி பேசிக்கொண்டே இருந்தாள். என் வீட்டில் ஒரு வாரத்தில் பேசாததை அங்கே ஒரே மூச்சில் பேசினாள். இத்தனை வார்த்தைகளை இவள் எங்கே வைத்திருந்தாள் என்று இருந்தது. பொறாமைதான், வேறென்ன.

கதவு திறந்தது. மினி வந்து என் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டாள். பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். “டாக்டர் உங்கள விளிக்காங்க” என்றாள்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வழக்கமாக நான் உட்காருகிற ஓரத்து ஸ்டூலை நோக்கி நகர்ந்தபோது, டாக்டர் சுமி மினியின் நாற்காலியைக் காட்டினார்.

“டாக்டர், நான் மாத்திரை விஷயத்தில கொஞ்சம் கடுப்பமாத்தான் இருப்பேன். கதவு அடைக்கியது அவளுக்க நல்லதுக்காக்கும்” என்று முந்திக்கொண்டேன்.

“அதொண்ணும் மினியக்கா சொல்லலை” என்றார் டாக்டர். “நீங்க உறங்கி ரொம்ப நாளாச்சுன்னு சொன்னாங்க. தாழ்ப்பாள் சத்தம் கேட்டா ஞெட்டி எழும்புதீங்களாம். தனியா இருந்து கண்ணீர் விட்டுக் கரையுதீங்களாம். நீங்க கூட இருந்தா இதச் சொல்ல விடமாட்டீங்கன்னுதான் வெளியே நிறுத்தச் சொன்னாங்களாம்.”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு சுகமில்லேன்னு சொல்ல அவரு இருக்காரு, அவருக்கு சுகமில்லேன்னு சொல்ல ஆரு உண்டுன்னு கேட்டாங்க. சொல்லுங்க ஜெயதாஸ் அண்ணா. உங்களுக்கு எப்படி இருக்கு?”

“மினி இப்பம் நல்லா இருக்கா டாக்டர், சாப்பாடெல்லாம்...”

“மினியக்காவப் பத்திக் கேக்கலை.”

அந்த நாற்காலியின் சீட் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. இத்தனை வருடம் இதை நான் பார்த்ததில்லை. இவள் இதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு குறையும் இல்ல டாக்டர்” என்றேன்.

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வெளியே ராஜையா அண்ணன் யாரிடமோ மத்தியான டோக்கன் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் அந்தப் பக்கம், பெஞ்சில், பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு மினி உட்கார்ந்திருப்பாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“எனக்கு வய்யா, டாக்டர்” என்றேன்.